தம்பிக்கு நான் அடித்த சுவரொட்டி

கொழும்பு விமான நிலையத்திலிருந்து தம்பி கூப்பிட்டது தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்கத்தான்.

"அக்கா, காலையில மோட்டர் போட்டேன்ல, ஆஃப் பண்ணினேனா?"

"நீ வீட்ட விட்டுக் கெளம்பி எட்டு மணி நேரமாச்சு. இப்பக் கேக்குற."

"பண்ணலையா?"

"எங்க பண்ண? தொட்டி நெறஞ்சு வழிஞ்சு, பக்கத்து வீட்டம்மா காயப்போட்ட மிளகா அம்புட்டும் நனைஞ்சுபோச்சு. அது போட்ட சத்தத்துல அம்மா ஓடிப்போயி அணைச்சுச்சு."

அவன் சிரித்தான். பின்னால் ஏதோ அறிவிப்பு கேட்டது.

"வந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன்னு சொல்லுக்கா."

"ரெண்டு வருசம் கழிச்சா? மிளகா அதுக்குள்ள காஞ்சிரும்."

"சரி, வரிசையில நிக்கச் சொல்றாய்ங்க. வைக்கிறேன்."

சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டான்.

தம்பியின் பெயர் தமிழ்மாறன். சீஷெல்ஸ் தீவில் ஒரு பெரிய விடுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். இரண்டு வருட வேலைக்கு நாற்பது நாள் விடுப்பு. அந்த நாற்பது நாளும் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தான். மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு விமானம். அங்கே நான்கு மணி நேரம் காத்திருந்து இன்னொன்று. அந்த இரண்டாவது விமானம் இரவு எட்டேகாலுக்குக் கிளம்பியது. இரண்டு மணி நேரம் கழித்து, இந்தியப் பெருங்கடலின் மேலே பறந்துகொண்டிருந்தபோது, விமானி இன்னும் கொஞ்சம் உயரத்துக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறார். போகலாம் என்று கீழேயிருந்து சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பதில் வரவில்லை. உள்ளே நூற்று நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். இன்றுவரை உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

நான் செல்லூரில் ஓர் அச்சகத்தில் கணினியில் சுவரொட்டி வடிவமைக்கிறவள். கல்யாணமாகி ஒரு வருடத்தில் ஆனையூரில் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தபோது சேர்ந்த வேலை. பதினாறு வருடமாக அதே நாற்காலி. எங்கள் ஊரில் சுவரொட்டி இல்லாமல் ஒரு பிள்ளைக்குக் காது குத்துவதில்லை, ஒரு பெண் பெரியவளாவதில்லை, ஒருவரும் சாவதில்லை. அச்சகத்தில் பாதி வேலை கண்ணீர் அஞ்சலிதான். ஆள் போன இரண்டு மணி நேரத்தில் படம் எங்களிடம் வந்துவிடும். நடுவில் அந்தப் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, இடப்பக்கம் 'தோற்றம்' என்று பிறந்த தேதி, வலப்பக்கம் 'மறைவு' என்று இறந்த தேதி, கீழே குடும்பத்தாரின் பெயர்கள். அந்தப் பெயர்களில் யாராவது முன்பே காலமாகியிருந்தால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'லேட்' என்று போடுவோம். அதை மறந்தால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். உயிரோடு இருப்பவருக்குத் தவறிப் போட்டுவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை வரும். பதினாறு வருடத்தில் அந்தத் தவறை நான் செய்ததில்லை.

மறுநாள் காலை அச்சகத்துக்குள் நுழைந்தபோது முதலாளி முத்திருளன் அண்ணன் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காராமல் நின்றுகொண்டிருந்தது எனக்கு வித்தியாசமாகப் பட்டது.

"கனகா, தம்பி கொழும்புலருந்து எத்தன மணி ஃப்ளைட்டு?"

"எட்டேகாலுண்ணே."

அவர் ரிமோட்டைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.

அம்மா பெயர் ஒச்சாயி. ஆனையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற இடத்தில் உதவியாளர். நான் போனபோது பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தது. சொன்னதைக் கேட்டுவிட்டு, மிச்சமிருந்த முட்டைகளையும் உரித்து முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவியது. வரும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"அம்புட்டுப் பெரிய சாமான் எப்பிடிடி காணாமப் போகும்? எம் மூக்குத்தி காணாமப் போச்சுன்னா அதுல ஞாயம் இருக்கு."

"கடல்லம்மா. கடலு ரொம்பப் பெருசு."

"கடல்ல விழுந்துச்சுன்னு சொல்றாய்ங்களா?"

"இல்ல. எங்கன்னு தெரியலன்னு சொல்றாங்க."

"அப்ப அதச் சொல்லு. நீயா கடலுங்காத."

விமான நிறுவனம் ஒரு தொலைபேசி எண் கொடுத்திருந்தது. தினமும் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். ஒரு பெண் ஆங்கிலத்தில் மெதுவாக, நான் எழுதிக்கொள்வதற்கு இடம் விட்டு விட்டுப் பேசுவாள். ஆறு கப்பல்கள் தேடுகின்றன. மேகம் இருக்கிறது. எண்ணெய்ப் படலம் ஒன்று தெரிந்தது. அது வேறு கப்பலின் எண்ணெய். ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மிதந்தது. அது மீன்வலையின் மிதவை. நான் ஒவ்வொன்றையும் அம்மாவிடம் சொல்வேன். அம்மா தலையாட்டும். மிதவை என்று தெரிந்த அன்று கொஞ்சம் சந்தோஷப்பட்டது. கிடைக்காத ஒவ்வொரு பொருளும் அம்மாவுக்கு நல்ல செய்தி. எனக்கு அப்படி இல்லை. ஆறாவது நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவன் இல்லை என்று எனக்குள் தெரிந்துவிட்டது. ஏன் அப்போது, ஏன் பாத்திரம் தேய்க்கும்போது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒன்பதாவது நாள் அறிவித்தார்கள்: மீட்புப் பணி முடிந்தது, இனித் தேடும் பணி மட்டும் தொடரும். கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. மீட்பது ஆட்களை, தேடுவது பொருட்களை என்று முத்திருளன் அண்ணன்தான் விளக்கினார். விளக்கிவிட்டு டீ வாங்கி வருவதாக வெளியே போனவர் வெகுநேரம் வரவில்லை.

அன்று சாயந்திரம் தம்பியின் நண்பர்கள் ஏழு பேர் அச்சகத்துக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவன் ஜெயபாண்டி. ஆனையூர் தடத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆறாம் வகுப்பிலிருந்து தம்பியோடு ஒரே பெஞ்சு. நாங்கள் வேறு வேறு தெரு, வேறு வேறு சாதி. ஆனால் அவன் எங்கள் வீட்டுச் சோறு சாப்பிட்ட அளவுக்கு அவன் வீட்டுச் சோறு சாப்பிட்டிருக்க மாட்டான்.

"அக்கா, டிவியில சொல்லிட்டாய்ங்க," என்றான்.

"கேட்டேன்."

"மாப்ளைக்கு நாங்க ஒண்ணும் செய்யலன்னு இருக்கக் கூடாதுக்கா. ஊர்ல எவன் எவனுக்கோ ஒட்டுறாய்ங்க."

அடுத்த மேசையில் இருந்த தாமரைச்செல்வி, "நான் அடிச்சுத் தர்றேன், நீங்க வாங்க," என்று அவர்களைக் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்த பெண். நல்ல மனதோடுதான் கூப்பிட்டாள். அவள் திறந்த பழைய டிசைனில் இரண்டு பக்கமும் புறாக்கள் பறந்தன. வானத்தில் படிக்கட்டு இருந்தது. அதன் நடுவில் தம்பியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். எழுந்து போய், "நகரு, நானே செய்யறேன்," என்றேன்.

பையன்கள் பின்னால் நின்று அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எம் போட்டோ அந்தக் கண்ணாடி போட்டது இருக்குல்ல, அதப் போடச் சொல்லு."

"செத்தது நீயாடா? கண்ணாடி கேக்குது."

"கீழ வரிசையில எல்லாத்தையும் போடுவாங்கல்ல, அதுக்குத்தான்டா."

"பாஸ்போர்ட் போட்டோ குடு போதும். மாப்ள பாத்தான்னா சிரிப்பான்."

அதைச் சொன்னவன் அத்தோடு நிறுத்திவிட்டு வெளியே போனான்.

தம்பி தனியாக நின்ற நல்ல படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. விடுப்பில் வந்தபோது மொட்டை மாடியில் நான் எடுத்தது ஒன்று இருந்தது. அவனும் அம்மாவும். அம்மா குள்ளம், எக்கி நின்று அவன் தோளில் கையைப் போட்டிருந்தது. அதில் அவன் முகம் நன்றாக விழுந்திருந்தது. அம்மாவை வெட்டி எடுப்பது சுலபம். தோளில் இருந்த நான்கு விரல்கள்தான் கஷ்டம். அவன் கோடு போட்ட சட்டை போட்டிருந்தான். விரல்களை அழித்துவிட்டு, அடுத்த தோளிலிருந்து துணியை எடுத்து நிரப்பி, கோட்டோடு கோடு பொருந்தும்வரை திருத்திக்கொண்டே இருந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. முடித்ததும் அங்கே ஒரு கை இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாதபடி இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் அதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. பதினாறு வருடத்தில் நான் செய்த சுவரொட்டிகளில் அதுதான் சுத்தமானது.

தோற்றம் 03.06.1990. மறைவு என்ற இடம் வந்ததும் ஜெயபாண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னக்கா?"

"என்ன தேதி போட?"

"ஃப்ளைட்டு காணாமப் போன தேதி போடுங்க. வேறெதப் போடுறது?"

போட்டேன். அந்தத் தேதியை இங்கே எழுதவில்லை. ஒருமுறை எழுதியது போதும்.

விடிவதற்குள் முன்னூறு சுவரொட்டிகள் ஆனையூரிலிருந்து கூடல் நகர் வழியாகச் செல்லூர் வரைக்கும் ஏறிவிட்டன. அம்மாவிடம் முதலில் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலையில் எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் படுத்தேன். எங்கள் ஊரில் சாவுக்கு அடுத்து நடப்பது சுவரொட்டி. என் கை அந்த வரிசைக்குப் பழகியிருந்தது. வீட்டில் இன்னும் யாரும் அழக்கூட இல்லை என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

அம்மா ஐந்தரைக்குப் பால் வாங்கப் போகும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு மனிதனின் படத்துக்கு இரண்டு பக்கமும் விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் கண்விழித்தபோது அடுப்படியில் தோசைக் கரண்டி இல்லை, குளியலறையில் வாளி இல்லை. ஒரு பையன் ஓடிவந்து, "ஒங்கம்மா பஸ் ஸ்டாப்புல செவத்தச் சொரண்டுது," என்றான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி ரேஷன் கடைச் சுவருக்கு வந்திருந்தது. மைதாப் பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டு, மேல் மூலையிலிருந்து கரண்டியைக் கொடுத்து உரித்தது. தம்பியின் முகம் வரும் இடத்தில் மட்டும் கரண்டியை வைத்துவிட்டுக் கையால் உரித்தது. உரித்த முகங்களை மடித்து இடுப்பில் செருகியிருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை. ஒருவர் மட்டும் தன் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டுவந்து வைத்தார்.

ஜெயபாண்டி ஆட்டோவைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தான்.

"அம்மா, நாந்தேம்மா ஒட்டச் சொன்னேன். என்னைய வையுங்க. நான் எல்லாத்தையும் கிழிக்கிறேன், நீங்க வீட்டுக்குப் போங்க."

அம்மா அவனைப் பார்க்கவில்லை. சுவரில் தம்பியின் தோள் இருந்த இடத்தில் ஈர விரலை வைத்தது.

"இங்கன என் கை இருந்துச்சு," என்றது.

விரலை எடுக்காமல் திரும்பவும் சொன்னது.

"மாடியில எடுத்த போட்டோ இது. இங்கன என் கை இருந்துச்சு. எங்க அது?"

அந்தப் படம் என்னுடைய கைபேசியில் மட்டும்தான் இருந்தது. அம்மாவுக்கு அது தெரியும். திரும்பி என்னைப் பார்த்தது. கரண்டியை ஓங்கும் என்று நினைத்தேன்; ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயாடி?" என்று மட்டும் கேட்டது. பிறகு அடுத்த சுவருக்குப் போனது.

அன்று மதியம்வரை நாங்கள் மூன்று பேரும் சுரண்டினோம். ஜெயபாண்டி சவாரி எடுக்காமல் ஆட்டோவில் ஒவ்வொரு தெருவாகக் கூட்டிப்போனான். எந்தெந்தச் சுவரில் ஒட்டியது என்று அவனுக்குத்தான் தெரியும். முன்னூறில் இருநூற்றுக்கும் மேலே எடுத்துவிட்டோம். செல்லூர்ப் பக்கம் சிலவற்றின் மேல் அதற்குள் வேறொரு காதணி விழா ஏறிவிட்டது. அம்மா அவற்றை அப்படியே விடச் சொன்னது.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. சோறு போடும், உப்பு போதுமா என்று கேட்கும், தலை வலித்தால் தைலம் தேய்த்துவிடச் சொல்லும். தம்பியைப் பற்றி மட்டும் என்னிடம் பேசாது. பேச வேண்டுமென்றால் ஜெயபாண்டியை வரச்சொல்லி அவனிடம் பேசும். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவன்தான் ஒட்டச் சொன்னான், அவனை மன்னித்துவிட்டது. நான் அடித்தேன். அந்தத் தேதியை நான் எப்படியாவது திரும்ப எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அச்சாகிச் சுவரில் ஏறி, ஊர் பார்த்த தேதியை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

பெரியம்மா செல்லத்தாய் மாதத்துக்கு ஒருமுறை வந்து சொல்லிப் பார்த்தது.

"ஒரு படத்த வச்சு மாலையப் போட்டு, ஒரு நாளக் குறிச்சுக் காரியத்தச் செஞ்சு விட்ரு ஒச்சாயி. அவன் ஆத்துமா அலையும்."

"அவன் அலையுறது ஒனக்குத் தெரியுமா?"

"எல்லாருஞ் சொல்றதுதான்."

"எல்லாருஞ் சொல்றத நீ ஏன் தூக்கிட்டு வார? ஒனக்கு மொழங்கால் வலின்ன. வீட்ல இரு."

விமான நிறுவனம் இழப்பீட்டுக்காக ஒரு படிவம் அனுப்பியது. மூன்று இடங்களில் அம்மா கைநாட்டு வைக்க வேண்டும். முதல் வரியிலேயே 'காலமான' என்ற சொல் இருந்தது. அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீயே அடிச்சு வச்சதுதானே, நீயே வச்சுக்க," என்றது. சுவரொட்டிக்குப் பிறகான ஆறு வருடத்தில் அந்த விஷயத்தை நேராக என்னிடம் சொன்னது அந்த ஒரு முறைதான். படிவத்தை உள்ளே வைத்துவிட்டேன். பிறகு அதை எடுக்கவில்லை.

இரண்டாவது வருடம் மடகாஸ்கர் கடற்கரையில் ஒரு பலகை ஒதுங்கியது. இறக்கையின் துண்டு. அதன் உள்பக்கத்தில் இருந்த எண்ணை வைத்து அதே விமானம்தான் என்று உறுதி செய்தார்கள். ஜெயபாண்டிதான் வந்து அம்மாவிடம் சொன்னான். படத்தையும் காட்டினான். சிப்பிகள் ஒட்டிய, ஆளுயரத்தில் ஒரு வெள்ளைத் தகடு.

"ஒரு கதவு ஒதுங்குச்சுன்னா வீட்ல இருக்கறவுக எல்லாம் செத்துட்டாகன்னு அர்த்தமாய்யா?" என்று அம்மா கேட்டது.

"இல்லம்மா," என்றான் ஜெயபாண்டி. அவன் வேறென்ன சொல்வான்?

கடலடியில் தேடினார்கள். ஒரு மாவட்டத்தின் அளவுக்குப் பரப்பு என்று சொன்னார்கள். பிறகு இரண்டு மாவட்டம். நான்காவது வருடம் நிறுத்திவிட்டார்கள். அந்த ஆங்கிலம் பேசிய பெண் கடைசியாக ஒருமுறை அவளாகவே கூப்பிட்டாள். அந்த எண் அடுத்த வாரத்திலிருந்து இயங்காது என்றாள். நீங்கள் தினமும் கூப்பிட்டீர்கள், அதனால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன் என்றாள். நான் நன்றி சொன்னேன். அவள் பெயரைக் கேட்க வேண்டும் என்று வைத்த பிறகுதான் தோன்றியது.

ஆறாவது வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. சர்க்கரை வெகுநாளாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை ஜெயபாண்டியின் ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவோம். ஒருநாள் மெஷினில் படுத்திருந்தபோது, கண்ணை மூடிக்கொண்டே கேட்டது.

"எனக்கும் போஸ்டர் அடிப்பீகளா?"

"என்னம்மா பேச்சு இது?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"அடிப்போம்."

"அதுல பிள்ளைக பேரு வருமா?"

"வரும்."

"அவன் பேரு?"

பக்கத்துப் படுக்கைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒங்கப்பன் பேரு பக்கத்துல என்னமோ போடுவீகளே."

"லேட்டுன்னு போடுவோம்."

"அது அவனுக்கு வரக் கூடாது. நீதான் அடிக்கணும். வேற ஆளு அடிச்சா அவுக பாட்டுக்குப் போட்டு விட்ருவாக. ஒனக்குத்தேன் தெரியும்."

அப்போதுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. ஆறு வருடத்தில் தம்பியைப் பற்றி என்னிடம் ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை.

"அடிச்சுக் கொண்டாந்து காட்டு. போனதுக்கப்புறம் நீ என்ன செஞ்சன்னு நான் எங்கிட்டுப் பாக்குறது?"

மறுநாள் அச்சகத்தில் அம்மாவின் படத்தை வைத்துச் செய்தேன். தோற்றம் என்ற இடத்தில் பிறந்த வருடம் மட்டும். தேதி அம்மாவுக்குத் தெரியாது. மறைவு என்ற இடத்தைக் காலியாக விட்டேன். கீழே: பால்பாண்டி (லேட்) அவர்களின் மனைவி. மகள்: கனகா. மகன்: தமிழ்மாறன். முத்திருளன் அண்ணன் என் பின்னால் வந்து நின்று பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்தார்.

அம்மா அதைக் கட்டிலில் விரித்து வைத்துப் பார்த்தது.

"என்னடி என்னைய இம்புட்டு வெள்ளையாக்கி வச்சிருக்க?"

"எல்லாருக்கும் அப்பிடித்தாம்மா செய்வோம்."

"கறுப்பாவே வையி. இல்லன்னா ஊர்ல யாருக்கும் அடையாளந் தெரியாது." விரலைத் தாளின் மேல் வைத்தது. "அவன் பேரு எது?"

காட்டினேன். அம்மா அந்தப் பெயரைத் தடவி, அதன் கடைசி எழுத்தைத் தாண்டி வெள்ளைத் தாளின் விளிம்புவரை விரலைக் கொண்டுபோனது. அங்கே ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டது.

"இது போதும்," என்றது. தாளை மடித்து என்னிடமே கொடுத்தது.

அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ரசம் சோறு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று கையைக் காட்டிப் படுத்தது. எழுந்திருக்கவில்லை. நான் அச்சகத்துக்குப் போய் அந்தக் காலி இடத்தில் அன்றைய தேதியைப் போட்டேன். அம்மாவின் நிறத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கினேன். வேறு எதையும் தொடவில்லை. ஜெயபாண்டி ஒட்டுகிற ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, பசை வாளியைத் தானே வாங்கிக்கொண்டு போனான்.

பெரியம்மா மகன்தான் கொள்ளி வைப்பது என்று முடிவாகியிருந்தது. தத்தனேரி மயானத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்த அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்ன கனகா, தமிழு பேருக்கு லேட்டு போடலையா? வழியில மூணு பேரு கேட்டுட்டாய்ங்க."

"விட்டுப்போச்சுன்னு சொல்லுங்கண்ணே."

"விட்டுப்போச்சா?"

"இல்ல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மகன் இருக்கான்னா நான் எதுக்குக் கொள்ளி வைக்கிறேன்னு கேப்பாய்ங்கல்ல?"

"கேக்கட்டும்ணே."

எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. நான் போனேன். யாரும் தடுக்கவில்லை; பெரியம்மா மட்டும் ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டது. ஜெயபாண்டியின் ஆட்டோவில், ஊர்வலத்துக்குப் பின்னால் போனேன். மயானத்தில் உள்ளே நுழைந்ததும் ஒரு மேசை, நீளமான ஒரு பதிவேடு, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். கொள்ளி வைக்கிற அண்ணன் குளிக்கப் போயிருந்ததால் விவரம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

"பேரும்மா?"

"ஒச்சாயி."

"வயசு?"

"அறுபத்திரெண்டு இருக்கும்."

"வீட்டுக்காரரு?"

"பால்பாண்டி. அவரு இல்ல."

"பிள்ளைக?"

"நான் ஒருத்தி. ஒரு தம்பி."

"தம்பி வந்துருக்காரா?"

ஜெயபாண்டி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பெரியவர் பேனாவைத் தாளில் வைத்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு வரிசையில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"வெளிநாட்ல இருக்கான்," என்றேன். "வர முடியல."

"இப்பல்லாம் எல்லார் வீட்லயும் இதே கததான்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பதிவேட்டை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். போட்டேன்.

மூன்று மாதம் கழித்து இறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் தவறாக வந்திருந்தது. திருத்த வேண்டுமென்றால் மயானத்துப் பதிவைச் சரிபார்த்துவரச் சொன்னார்கள். அதே பெரியவர் பக்கங்களைப் புரட்டி, கண்டுபிடித்து, ஒரு விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கச் சொன்னார். அம்மாவின் பெயர் அதில் சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, நீல மையில், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில், அவர் அன்று எழுதியது அப்படியே இருந்தது: மகன் ஒருவர், வெளிநாடு.